எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை: செட்டிநாட்டுப் பக்கம் இருக்கும் பெண்கள் எப்படி வாங்குவது

என் வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருப்பது, வெளிநாட்டில் வேலை அனுமதியைப் புதுப்பிக்க எடுத்த மெடிக்கலில் தெரிந்தது. அவர் ஊருக்கு வந்த நாலாம் நாள் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இல்லை. "ஆணுறை இல்லாம இருக்காதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தொற்று இல்லாத ஆள் தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு அதை வராமலே தடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. மாத்திரை கைக்கு வர இன்னும் ஐந்து வாரம். அதில் சிவகங்கைக்கும் மதுரைக்குமாக மூன்று பயணம் வீண்.

கேட்காமல் யாரும் இதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் பெண்களுக்கு என் அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கணவருக்குத் தொற்று இருந்து சிகிச்சை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் இது உங்களுக்கு. கணவர் வருஷக்கணக்கில் வெளியூரில் இருந்துவிட்டு டெஸ்ட்டுக்கு வரவே மாட்டேன் என்கிறார் என்றாலும் உங்களுக்குத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட துணை உள்ளவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், துணைவர் போதை ஊசி போடுகிறவர் என்று தெரிந்தவர்கள், எல்லோருக்கும் வழி ஒன்றுதான். 18 வயது முடிந்த பெண் தன் சம்மதத்தோடு தானே வாங்கலாம். கணவரின் கையெழுத்து எங்கேயும் தேவைப்படாது.

1. முதலில் கடந்த 72 மணி நேரத்தைக் கணக்குப் பாருங்கள்

ஆணுறை கிழிந்தது, வற்புறுத்தல் நடந்தது, எதிர்பாராமல் உறவு நடந்தது என்று ஏதாவது கடந்த மூன்று நாளுக்குள் இருந்தால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு வேறு மருந்து இருக்கிறது. பெயர் பெப். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான் சொல்லப்போகும் மாத்திரையின் பெயர் பிரெப். முன்னதாகவே சாப்பிடுவது. இரண்டு பெயரும் காதில் ஒரே மாதிரி விழும். நான் முதல் தடவை கேட்டபோது அங்கிருந்தவர் பெப் என்று புரிந்துகொண்டு, "சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேட்டார். நான் விழித்தேன். "அப்படின்னா உங்களுக்கு இது கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பயணம் அதில் போனது.

2. மருந்தின் பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

வாயால் சொல்ல வேண்டாம். ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்:

டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் 300 மி.கி. + எம்ட்ரிசிடபைன் 200 மி.கி., தினம் ஒன்று, எச்.ஐ.வி. தடுப்புக்கு.

இந்தக் கூட்டில் ஒரு எழுத்து மாறினாலும் மருந்து மாறிவிடும். டெனோஃபோவிர் மட்டும் தனியாக உள்ள மாத்திரை மஞ்சள் காமாலை பி-க்குக் கொடுப்பது. இவை இரண்டோடு எஃபாவிரென்ஸ் சேர்ந்து மூன்றாக இருந்தால் அது தொற்று உள்ளவர்களுக்கான சிகிச்சை. டைசோப்ராக்சில் என்ற இடத்தில் அலஃபெனமைடு என்று இருந்தால் அதையும் வாங்காதீர்கள். "புதுசு, கிட்னிக்கு நல்லது" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பிறப்புறுப்பு வழி உறவில் பெண்களை அது காக்கும் என்று காட்டப்படாததால், அமெரிக்காவில் 2019-ல் அதைத் தடுப்பு மருந்தாக அனுமதித்தபோதே பெண்களுக்கு அந்த அனுமதியைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. இதைப் படிக்கும் யாராவது வீட்டுக்காரருடைய மாத்திரையில் பாதியைத் தானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். எனக்கும் அந்த யோசனை வந்தது. அவர் மாத்திரை இலவசமாக வருகிறது, ஒரே அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் அது மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சை மாத்திரை. பங்கு போட்டால் அவருக்கு மருந்து குறைந்து வைரஸ் ஏறும். உங்களுக்கும் ஒழுங்கான காப்பு இருக்காது.

3. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. டெஸ்ட்

தொற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் மாத்திரை தொடங்குவார்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. திருமயம், பொன்னமராவதிப் பக்கம் உள்ளவர்களுக்குப் புதுக்கோட்டை வசதி. டெஸ்ட் இலவசம். உங்கள் ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று பயந்தால் பக்கத்து ஊர் மையத்துக்குப் போகலாம். இந்த ஊர்க்காரர்தான் இங்கே வரவேண்டும் என்று எதுவும் கிடையாது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 1097-க்குப் போன் போடுங்கள். கட்டணமில்லாத எண்.

காலையிலேயே போங்கள். வெறும் வயிறு தேவையில்லை. முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், பிறகு சம்மதம் கேட்டு ரத்தம் எடுப்பார்கள். எனக்கு அன்றைக்கே முடிவு சொன்னார்கள்.

கவனம் வைக்க வேண்டியவை இரண்டு. முடிவை வாயால் சொன்னால் போதும் என்று எழுந்து வராதீர்கள், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் தேதி. மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் எடுத்த டெஸ்ட்டாக இருக்கட்டும். நான் ஐந்து வாரத்துக்கு முந்தைய தாளை நீட்டினேன். "இதுக்கப்புறம் உறவு இருந்ததா?" என்று மருத்துவர் கேட்டார். இருந்தது. திரும்பப் போய் எடுத்து வரச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். தொற்றிய புதிதில் சில வாரம் டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம். தெரியாமல் இந்த மாத்திரையைத் தொடங்கினால், இரண்டு மருந்துக்கும் வைரஸ் பழகிப்போய் பிறகு சிகிச்சை சிக்கலாகும். காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு என்று சமீபத்தில் ஏதாவது வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரகசியம் பற்றி. 2017-ல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், உங்கள் சம்மதமில்லாமல் டெஸ்ட் எடுக்கவோ, ஒருவரின் தொற்று நிலையைப் பிறரிடம் சொல்லவோ கூடாது என்கிறது. வரிசையில் நிற்கும்போது யாராவது சத்தமாக "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டால் "ஆலோசகரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

4. மற்ற ரத்தப் பரிசோதனைகள்

மாத்திரை சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் பார்த்தே ஆக வேண்டும். அடுத்தது மஞ்சள் காமாலை பி. இந்த மாத்திரை அந்த வைரஸையும் அடக்கும். உங்களுக்கு அது இருப்பது தெரியாமல் ஒருநாள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் வீங்கிப் படுக்க நேரிடலாம். இல்லை என்று வந்தால் அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இவற்றோடு காமாலை சி, மேகநோய்க்கான டெஸ்ட், கர்ப்பப் பரிசோதனை.

அரசு மருத்துவமனையில் இவையெல்லாம் காசில்லாமல் எடுக்கலாம், ஆனால் ஒரே நாளில் எல்லாம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. அவசரத்துக்குத் தனியார் லேபில் கிரியாட்டினினும் காமாலை டெஸ்ட்டும் எடுத்ததில் ஏறக்குறைய 700 ரூபாய் ஆனது. வெள்ளைப்படுதல், புண், அரிப்பு இருந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள சுகவாழ்வு மையத்தில் காட்டுங்கள், அதற்கும் மருந்து இலவசம்.

5. எழுதித் தரும் மருத்துவரைப் பிடிப்பது

எனக்கு அதிக நாள் பிடித்தது இங்கேதான்.

கணவர் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது தொற்று உள்ளவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை மாத்திரை கொடுக்கும் அரசு மையத்தில், மருந்து வாங்குகிறார் என்றால் முதலில் அங்கேயே கேளுங்கள். அவர் மாதாந்திர மருந்துக்குப் போகும் நாளில் கூடவே போங்கள். "எனக்கு நெகட்டிவ். அவருக்கு வைரஸ் அளவு அடங்கும்வரை எனக்கு பிரெப் வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். மாத்திரையை அங்கேயே கொடுக்க முடியாவிட்டால் குறைந்தபட்சம் சீட்டாவது எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது யாரிடம் போவது என்று கேளுங்கள்.

அங்கே நடக்கவில்லை என்றால் தனியார். தொற்றுநோய் மருத்துவர், பொது மருத்துவர், தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர், இந்த மூவரில் யாரும் எழுதலாம். நான் கடைசியில் மதுரையில் ஒருவரிடம் போனேன். ஆலோசனைக் கட்டணம் 500 ரூபாய். போவதற்கு முன் போனில் "எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எழுதுவாரா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நான் கேட்காமல் போன இடத்தில், அதைப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள், கட்டணமும் திரும்ப வரவில்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு நகரப் பேருந்து இல்லையே, மகளிர் இலவசப் பயணம் இதில் செல்லாது. டிக்கெட்டுக்கும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: ஒரு வாரத்துக்குள் எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட் முடிவு, கிரியாட்டினின், காமாலை முடிவுகள், தினம் சாப்பிடும் வேறு மாத்திரைகளின் அட்டை, கடைசி மாதவிடாய் தேதி, ஒரு அடையாள அட்டை. கணவர் சம்மதித்தால் அவருடைய சிகிச்சைப் புத்தகத்தின் நகலும், வைரஸ் அளவு பார்த்த தாளும். அந்தத் தாள் இருந்தால் பேச்சு பாதியாகக் குறையும். மூட்டுவலிக்கு, தலைவலிக்கு என்று அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது.

"கணவரைத்தான் சிகிச்சை எடுக்கச் சொல்லுங்க, உங்களுக்கு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். அவர் சிகிச்சை எடுக்கத்தான் செய்கிறார். அவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்து அப்படியே நீடித்தால் அவரிடமிருந்து உறவு மூலம் தொற்றாது. ஆனால் அந்த நிலைக்கு வர மாதங்கள் ஆகும். முதல் வைரஸ் அளவுப் பரிசோதனையே ஆறாம் மாதம்தான். அந்த இடைக்காலத்தில் என் உடம்பை நான் காத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டேன். கென்யாவிலும் உகாண்டாவிலும் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள தம்பதிகளிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரை தொற்றை 75 சதவீதம் குறைத்தது. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களிடம், அதாவது உண்மையிலேயே சாப்பிட்டவர்களிடம், 90 சதவீதம்.

6. மருந்துக் கடை

சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், தரக் கூடாது. நம் ஊர்க் கடைகளில் இது அலமாரியில் இருக்காது, வரவழைக்க வேண்டும். மதுரையில் சீட்டு எழுதிய அன்றே அங்கேயே பெரிய கடையில் வாங்கிவிடுவது நல்லது. நான் வாங்கிய 30 மாத்திரைப் புட்டி 1,900 ரூபாய் சொச்சம். கம்பெனிக்குக் கம்பெனி விலை நிறையவே மாறும், இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள்.

கடையை விட்டு இறங்குவதற்கு முன் புட்டியைத் திருப்பி, நீங்கள் எழுதிய தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு கடையில் எனக்கு மூன்று மருந்து சேர்ந்ததை எடுத்து வைத்தார்கள். தாள் இருந்ததால் தப்பித்தேன். காலாவதி தேதியையும் பாருங்கள்.

தொடர்ந்து வாங்கப் பணம் இருக்குமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். புட்டியில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். பொங்கல், தீபாவளி வாரத்தில் சரக்கு வராமல் போகும்.

7. வீட்டில் வைத்துச் சாப்பிடுவது

ஆண்களுக்குச் சொல்லும் "தேவைப்படும்போது மட்டும்" முறை நமக்குப் பொருந்தாது. பெண்ணுறுப்பின் திசுவில் இந்த மருந்து சேர்வது மெதுவாக, குறைவாக. அதனால் தினமும் சாப்பிட வேண்டும். காப்பு கூடிவர எத்தனை நாள்? உலக சுகாதார நிறுவனம் 7 நாள் என்கிறது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 21 நாள் என்கிறது. என் மருத்துவர் 21 நாளும் ஆணுறையைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படியே செய்தோம்.

சாப்பாட்டுக்கு முன்னாலும் சாப்பிடலாம், பின்னாலும் சாப்பிடலாம். விரத நாளில் நிறுத்த வேண்டாம். நான் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுச் சாப்பிடுவேன். விளக்கு ஒருநாளும் விட்டுப்போகாது என்பதால் மாத்திரையும் விட்டுப்போகவில்லை. மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று, அவ்வளவுதான்; இரண்டாகப் போடக் கூடாது. முதல் இரண்டு வாரம் குமட்டலும் லேசான தலைவலியும் இருந்தது, பிறகு இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சாப்பிடலாம். ஆனால் இது கருவையும் தடுக்காது, மேகநோயையும் தடுக்காது.

புட்டி விஷயம். நான் முதல் புட்டியைப் பிரித்து மாத்திரையை எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, பொட்டுச் சாமான் இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தேன். மழை மாதம். பத்து நாளில் மாத்திரை நிறம் மங்கி, ஓரம் பொரிந்து, விரலில் ஒட்டியது. இந்த மருந்துக்கு ஈரம் ஆகாது. புட்டிக்குள் இருக்கும், ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை எடுக்காமல், அதே புட்டியில், மூடி இறுக்கி வைக்க வேண்டும். இருபது மாத்திரை தூக்கிப் போட்டேன். பிறகு புட்டி மேலிருந்த தாளைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து உரித்து, காலாவதி தேதி உள்ள துண்டை மட்டும் ஃபைலில் ஒட்டி வைத்தேன். வெறும் வெள்ளைப் புட்டி யார் கண்ணையும் உறுத்தாது. மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டு "என்னத்தா அது, சத்து மாத்திரையா?" என்றார். "ஆமா அயித்தை" என்றேன். எங்கள் வீட்டில் அப்படி. உங்கள் வீட்டில் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், நினைவுபடுத்த ஒரு ஆள் கிடைக்கும்.

கல்யாண வீடு, பழனிப் பாதயாத்திரை என்று நாலைந்து நாள் வெளியே தங்கினால் புட்டியோடு கொண்டுபோங்கள். கூட்டத்தில் தண்ணீர் தேடித் திரியாமல் ஒரு பாட்டிலும் கைப்பையில் இருக்கட்டும்.

8. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை

தொடங்கி ஒரு மாதத்தில் ஒரு எச்.ஐ.வி. டெஸ்ட், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று. நம்பிக்கை மையத்திலேயே எடுக்கலாம், காசில்லை. கிரியாட்டினின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வயது கூடியவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி முன்னதாகவே. டெஸ்ட் எடுக்காமல் பழைய சீட்டை வைத்துப் புட்டி மட்டும் வாங்கிக்கொண்டே போவது ஆபத்து.

ஊசி வந்துவிட்டதே என்று யாராவது வீடியோ அனுப்புவார்கள். உண்மைதான். லெனகாபவிர் என்ற ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை, 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. உங்கள் மருத்துவரிடம் ஒவ்வொரு தடவையும் அதைக் கேளுங்கள். அதற்காக இன்றைக்குக் கிடைக்கும் மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள்.

9. நிறுத்துவதும், பிள்ளைப்பேறும்

நீங்களாக நிறுத்தாதீர்கள். காமாலை பி முடிவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடைசி உறவுக்குப் பிறகு 28 நாள் தொடரச் சொன்னார் என் மருத்துவர்.

நாங்கள் பிள்ளை வேண்டும் என்று நினைத்தோம். கர்ப்பத்திலும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த மாத்திரையைத் தொடரலாம். வீட்டுக்காரருக்கு ஆறாம் மாத வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலை என்று வந்தது. அடுத்த பரிசோதனையிலும் அப்படியே வரட்டும் என்று அதுவரை நானும் மாத்திரையை விடவில்லை. இப்போது எனக்கு ஏழாம் மாதம். கர்ப்பகாலச் செக்கப்பில் எல்லோருக்கும் எடுக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட்டை எனக்கும் எடுத்தார்கள், நெகட்டிவ். பிரெப் சாப்பிட்டதை அங்கேயும் மறைக்காமல் சொன்னேன், கடைசி மாதங்களில் இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரசவத்துக்குக் கட்டி வைத்திருக்கும் பையில் வேட்டித் துணிக்கும் துண்டுக்கும் அடியில் அந்த ஃபைல் இருக்கிறது: எல்லா டெஸ்ட் தாளும் தேதி வரிசையில், மேலே மருத்துவர் சீட்டு. உங்களுடையதையும் அப்படிக் கட்டி வையுங்கள். ராத்திரி வலி எடுத்தால் தேட நேரம் இருக்காது.